முதலில் நிழலை அளங்கள், பிறகு நாயை

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஐந்து மாத நாட்டு நாய்க்குட்டி வளர்க்கிறோம். பெண் குட்டி, பெயர் ரோசி. என் மகளுக்கு எட்டு மாதம், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறாள். பொங்கலுக்குக் குடியாத்தம் பக்கத்தில் அம்மா ஊருக்குப் போயிருந்தோம். காளை விடும் விழாவில் வெடித்த வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு, ரோசி கேட்டுக்கு அடியில் நுழைந்து ஓடிவிட்டாள். இரண்டு மணி நேரம் தேடிப் பிடித்தோம். அன்றிலிருந்து கூண்டு வாங்கியே ஆகவேண்டும் என்கிறார் கணவர். கடையில் 36 இன்ச் மடக்குக் கம்பிக் கூண்டு காட்டுகிறார்கள். ஆன்லைனில் எட்டு பேனல் தடுப்பு வேலி இருக்கிறது, துணியில் கூடாரம் மாதிரியும் ஒன்று இருக்கிறது. பட்டறையில் அடித்துக்கொள்ளலாம் என்கிறார் மாமா. எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது, வெயிலே வராது, அங்கே வைக்கலாம் என்று இருக்கிறோம். எனக்குக் காலை 8 முதல் 5 வரை வேலை. கணவருக்கு ராணிப்பேட்டையில் ஷிப்ட். பகலில் அத்தைதான் குழந்தையோடு வீட்டில் இருப்பார். “வாயில்லா ஜீவனைக் கூண்டில் அடைக்கிறது பாவம்” என்று அவர் சொல்கிறார். எதை வாங்குவது? பாவம்தானா?

பதில்: நான்கு வகைக் கூண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள் அம்மா. நான் மாட்டிக்கொண்டது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்: “வடக்குப் பார்த்தது, வெயிலே வராது.”

இதை நீங்கள் எழுதியது தை மாதத்தில். தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வடக்குப் பக்கம் நாள் முழுக்க நிழல்தான், சந்தேகமில்லை. சித்திரை இரண்டாம் வாரத்தில், அதாவது ஏப்ரல் 24, 25 வாக்கில், வேலூரில் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும். அதன்பிறகு ஆகஸ்ட் நடுப்பகுதி வரை அது வடக்குப் பக்கமாகத்தான் போகும். வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் இறங்கும். இப்போது குளுகுளுவென்று இருக்கும் உங்கள் பால்கனிக்குள், கத்திரி நடக்கும் மே மாதத்தில், மாலை நாலு மணி வெயில் சாய்ந்து நுழையும். அதுவும் எந்த வெயில்? தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று ஊர்க்காரர்களே கேலி பேசும் ஊரின் வெயில். 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை.

இப்படி ஒரு பால்கனிதான் சில வருடங்களுக்கு முன் என் மேஜைக்கு ஒரு பக் நாயைக் கொண்டுவந்தது. மே மாதம், மாலை ஐந்து மணி. ஆட்டோவில் பிளாஸ்டிக் கூண்டோடு தூக்கி வந்தார்கள். கூண்டின் மேல் ஈரத்துண்டு போர்த்தியிருந்தது. குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நல்ல மனதோடு போர்த்தியதுதான். காற்று போக இருந்த வழியையும் அது அடைத்துவிட்டது. துண்டை விலக்கினால் உள்ளேயிருந்து இட்லிக் குண்டானைத் திறந்த மாதிரி ஆவி. நாக்கு நீலம் பாய்ந்திருந்தது, தெர்மாமீட்டர் 108-ஐத் தொட்டது. நாய்க்கு இயல்பான சூடு 101-இலிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை. 106-ஐத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. தண்ணீர் ஊற்றினோம், ஃபேன் வைத்தோம், சலைன் ஏற்றினோம். பிழைக்கவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்: “காலைல நெழலாத்தான் சார் இருந்துச்சு.”

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ளும். அதற்குக் காற்று ஓட வேண்டும். கூண்டுக்குள் இருக்கிற நாய் நிழல் நகர்ந்தால் கூடவே நகர முடியாது. கட்டிப்போட்ட நாயாவது சங்கிலி நீளத்துக்கு நகரும்.

ஆகவே கூண்டு எதுவானாலும் அது இருக்கவேண்டிய இடம் வீட்டுக்குள், ஹாலில், ஃபேன் காற்று படும் மூலையில். மேற்குச் சுவர் ஓரம் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடிதான் என்றால், பகலெல்லாம் காய்ந்த தளம் சாயங்காலம்தான் சூட்டை உள்ளே இறக்கும். மூன்று மணிக்கு மேல் ஹாலில் வெறுந்தரையில் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குப் புழுங்கினால் ரோசிக்கு அதைவிட மோசம். பால்கனியை விட மனசில்லை என்றால் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாக்பீஸும் கையுமாக நில்லுங்கள். காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை மணிக்கு ஒருமுறை நிழலின் ஓரத்தைத் தரையில் கோடு போடுங்கள். எல்லாக் கோட்டுக்கும் உள்ளே ஒரு கூண்டு அளவுக்கு இடம் மிஞ்சினால் பேசலாம். மிஞ்சாது.

இடம் முடிவானால் வகை தானாக முடிவாகிவிடும். உங்களுக்கு வேண்டியது அந்த பேனல் வேலி. இதை ஏதோ புதுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். அறுவடை முடிந்த கழனியில் ஆட்டுக் கிடை போடுகிறவர்கள் மூங்கில் படலை வளைத்து நட்டு ராத்திரிக்குப் பட்டி கட்டுவார்கள். காலையில் பிடுங்கி அடுத்த கழனிக்குத் தூக்கிப்போவார்கள். குடியாத்தம் பக்கத்து ஊர்க்காரரான உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், பார்த்திருப்பார். அதே படல்தான், இரும்பில் வருகிறது.

விற்கிறவர்கள் சொல்லாத கணக்கு ஒன்று. ஒரு பேனல் இரண்டடி அகலம் என்றால், எட்டையும் சதுரமாக நிறுத்தினால் கிடைப்பது நாலுக்கு நாலு, பதினாறு சதுர அடி. அதையே ஹாலின் ஒரு மூலையில், இரண்டு பக்கம் சுவர் இருக்க, ஆறு பேனலை மட்டும் ‘ட’ போல நிறுத்தினால் ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு சதுர அடி. பேனலும் மிச்சம், இடமும் இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் வேலியின் இரண்டு முனையையும் சுவரோரம் இறுக்க வேண்டும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ஜன்னல் இல்லாத பக்கத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று ஒட்டி வைத்து, பேனலை அதன் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். டைல்ஸ் தரையில் இதைச் செய்யாவிட்டால், குட்டி உள்ளேயிருந்து முட்டி முட்டி வேலியையே ஹால் முழுக்க நகர்த்திக்கொண்டு போகும். சிரிப்பாகத்தான் இருக்கும், குழந்தை மேல் சாய்கிற வரை.

உயரம் 36 இன்ச்சுக்குக் குறைந்தால் வாங்காதீர்கள். 24 இன்ச் வேலி பொமரேனியனுக்குச் சரி. நாட்டு நாய் மெலிந்த உடம்பு, நின்ற இடத்திலிருந்தே எம்பும். கம்பிகள் செங்குத்தாக இருக்கட்டும். குறுக்குக் கம்பி அதிகம் என்றால் அது ரோசிக்கு ஏணி. இடைவெளிக்கு உங்கள் விரல்தான் அளவுகோல்: இரண்டு விரல் நுழையலாம், மூன்று சேர்ந்து நுழைந்தால் தலையோ தாடையோ மாட்டும். கதவுக் கொக்கி மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வேண்டும். ஒற்றைக் கொக்கியை மூக்கால் நெம்பித் திறக்க ஒரு வாரம் போதும் அவளுக்கு. உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். பட்டையின் வளையம் கம்பியில் மாட்டி, மிரண்டு இழுத்துக் கழுத்து இறுகிய நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த 36 இன்ச் கூண்டு. கடைக்காரர் சொல்லும் எண் நீளம் மட்டும்தான். அந்த அளவில் உயரம் பெரும்பாலும் 25 இன்ச் வாக்கில்தான் இருக்கும். ஐந்து மாதக் குட்டிக்கு இன்றைக்குத் தாராளம். ஆனால் ரோசி இன்னும் ஆறேழு மாதம் வளர்வாள். வளர்ந்த நாட்டு நாய் தோளே இருபது இன்ச் இருக்கும், தலையைத் தூக்கினால் அந்தக் கூரையில் இடிக்கும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து ஐந்தாறு இன்ச் கூட்டுங்கள், அது நீளம். நிமிர்ந்து நிற்கும்போது தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து நாலு இன்ச் கூட்டுங்கள், அது உயரம். வாலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வளர்ந்தபின் என்ன அளவு வருமோ அதற்கு வாங்கி, இப்போதைக்கு உள்ளே இடைத் தடுப்பு போட்டுச் சிறிதாக்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் 42 இன்ச்சில் போய் நிற்பீர்கள்.

ஆனால் இரண்டையும் ஒன்றாக வாங்கவேண்டிய அவசியம் இல்லை. வேலியை முதலில் வாங்குங்கள். கூண்டு பிறகு தேவைப்பட்டால், அதன் கதவைத் திறந்தபடி வேலிக்குள் வைத்துவிடுங்கள். கூண்டு படுக்கை அறை, வேலி கூடம் என்று ஆகிவிடும்.

துணிக் கூடாரம் பல் முளைத்து முடியாத குட்டிக்கு ஒரு மத்தியான வேலை. கிழித்துவிடும், ஜிப்பையும் மூக்கால் திறந்துவிடும். வயதான, சாதுவான நாய்க்கு ஊருக்குப் போகும்போது வசதி. உங்களுக்கு இல்லை.

பட்டறை யோசனையில் மாமாவுக்கு நான் எதிரி இல்லை. நம்மூர் வெல்டிங்காரர் அடித்துக் கொடுக்கும் கூண்டு பத்து வருடம் உழைக்கும். ஆனால் அதை மாடிப்படியில் ஏற்றி இறக்க நாலு பேர் வேண்டும், வாடகை வீட்டுக்காரருக்கு அது ஒத்துவராது. அப்படியே அடித்தாலும் மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். வெல்டிங் பிசிறை ஒவ்வொரு முனையிலும் கிரைண்டரில் தேய்த்து எடுக்கவேண்டும். உள்பக்கம் ஜி.ஐ. வலை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு வலை வேண்டாம், குட்டி மென்று அதன் மேல்பூச்சு உரிந்து உள்ளே போனால் துத்தநாக நஞ்சு. அடியில் கம்பித் தளம் கூடவே கூடாது. நகம் மாட்டும், பாதம் புண்ணாகும். கோழிப் பண்ணையைப் பார்த்துப் பழகிய பட்டறைக்காரர்கள் எச்சம் கீழே விழட்டும் என்று கம்பித் தளம்தான் போடுவார்கள்.

குழந்தைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நாய்க்கு வேலி என்றுதான் இருக்கிறது. நான் அதைக் குழந்தைக்கும் வேலி என்று படிக்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் உங்கள் மகள் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பாள். கைக்கு எட்டும் முதல் பொருள் இந்த வேலியாக இருக்கலாம். அதனால்தான் கட்டுங்கள், கட்டுங்கள் என்கிறேன். கம்பி வழியாகப் பிஞ்சு விரல் உள்ளே போகும். ரோசி எவ்வளவு சாதுவானாலும், சாப்பிடும் நேரத்தில் தட்டுக்குப் பக்கத்தில் விரல் வந்தால் அவள் நாய்தான். வேலிக்கு உள்ளே இருப்பது ரோசியின் இடம், குழந்தை அங்கே போகக்கூடாது, சும்மா விளையாட்டுக்குக்கூட. இரண்டு பேரையும் வெளியே விட்டுவிட்டு அத்தை அடுப்படிக்குப் போகக்கூடாது, ஒரு நிமிடம்கூட. பால் பொங்கினால் பொங்கட்டும்.

எட்டிலிருந்து ஐந்து என்பது ஒன்பது மணி நேரம். குட்டி சிறுநீர் அடக்குவதற்கு ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: எத்தனை மாதமோ அத்தனை மணி, அதுவே அதிகபட்சம். ஐந்து மாதத்துக்கு ஐந்து மணி. நடைமுறையில் மூணு, நாலுதான். ஆக நீங்கள் புறப்படும் முன் ஒரு நல்ல நடை, பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அத்தை ஒருமுறை வெளியே விட்டால் போதும். அவர் கயிறு பிடிக்க வேண்டாம். குழந்தை தூங்கும் நேரமாகப் பார்த்து, பால்கனியை நிழல் இருக்கும்போது பத்து நிமிடம் திறந்துவிட்டால்கூடப் போதும். பழகும்வரை வேலியின் ஒரு கோடியில் பழைய பேப்பர் விரித்து வையுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், குட்டி அதைக் கவிழ்த்து ஓட்டி விளையாடும். வாய் அகன்ற கனமான மண்சட்டி ஒன்று வாங்குங்கள். தண்ணீரும் குளிர்ச்சியாக இருக்கும்.

உள்ளே போகப் பழக்குவதை அத்தையிடமே ஒப்படையுங்கள். வேலியை நிறுத்தி ஒரு வாரம் கதவை மூடவே வேண்டாம். சாப்பாடு மட்டும் உள்ளே வையுங்கள். கேழ்வரகுக் களி கிண்டும் வீடென்றால் கடைசியாக வழித்த சின்ன உருண்டையைத் தயிரில் பிசைந்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். சட்டியில் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டதும் ரோசி தானாகப் போய் உள்ளே உட்காரும் நாள் வரும். அன்றைக்கு இரண்டு நிமிடம் கதவைச் சாத்துங்கள். மறுநாள் ஐந்து. ஊளையிட்டால் ஊளை நடுவில் திறக்காதீர்கள், மூச்சு விடும் இடைவெளியில் திறங்கள். தப்பு செய்ததற்குத் தண்டனையாக ஒருநாளும் உள்ளே தள்ளாதீர்கள். அன்றோடு அது ஜெயில்.

பாவமா என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, உடம்பை அசைக்க நியாயமான இடமில்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பதைக் குற்றம் என்கிறது. குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவதும் குற்றம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் குற்றம். அத்தை சொல்வதைத்தான் சட்டமும் சொல்கிறது. முப்பத்தாறு சதுர அடி, காலை மாலை நடை, வீட்டு ஆட்கள் கண்ணெதிரே என்றால் அதில் பாவம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மாடிப்படிக்கு அடியில் மூன்றடிச் சங்கிலியில் ஆயுசைக் கழிக்கும் நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டு வருகிற நாளில் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. அதைப் பாவம் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வாரத்துக்கு ஒருமுறை பேனல்களை மடக்கி மொட்டை மாடிக்குத் தூக்கிப்போங்கள். உண்ணி நாயின் உடம்பில் மட்டும் குடியிருப்பதில்லை. குடித்து முடித்து இறங்கி, கீல் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஏறி ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் கீல்களைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, உச்சி வெயிலில் காயப்போடுங்கள். வேலூர் வெயில் நமக்குச் செய்யும் ஒரே நன்மை இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் ஃபினாயிலைக் கொட்டிவிட்டு ஈரத்தோடு நாயை விடாதீர்கள், பாதம் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல்.

ஊருக்குப் போகும்போது பள்ளிகொண்டா தாண்டிக் குடியாத்தம் போகிற தூரத்துக்குக் காரில் கூண்டு அவசியமில்லை. பின் சீட்டில், மார்புப் பட்டையை சீட் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டினால் போதும். வழியில் டீ குடிக்க இறங்கினால் ஒருவர் காரிலேயே இருங்கள். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டுப் போவது காப்பாற்றாது. பேனல்களை டிக்கியில் போட்டுக்கொண்டு போய் அம்மா வீட்டுத் திண்ணையிலோ புளியமரத்தடியிலோ நிறுத்தலாம். மண் தரையில் முளைக்கம்பி அடித்து நிறுத்துங்கள். மரத்தடி என்றால் நிழல் நகர நகர வேலியையும் நகர்த்த வேண்டும்.

ஆனால் அடுத்த பொங்கலுக்கு வேட்டு வெடிக்கும்போது இந்த வேலியை நம்பாதீர்கள். உங்களைக் கடிதம் எழுத வைத்ததே அந்த ஓட்டம்தான், அதனால் அழுத்திச் சொல்கிறேன். மிரண்ட நாய் மூன்றடியைத் தாண்டும், தாண்ட முடியாவிட்டால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். காளை விடும் அன்று அவளை உள்ளறையில், ஜன்னல் சாத்தி, ஃபேனும் டி.வி.யும் ஓட, கூட ஒரு ஆளோடு வையுங்கள். அந்தக் கேட்டுக்கு அடியில் ஒரு பலகையும் அடித்துவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. ரோசிக்கு ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் முதல் பருவம் வரும். அந்த நாட்களில் ஊரில் மரத்தடி வேலிக்குள் விட்டால், அவள் வெளியே போகமாட்டாள், தெருவில் இருக்கிற ஆண் நாய்கள் உள்ளே வரும். கருத்தடைக்கு நாள் குறிக்க இப்போதே உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். போகும்போது தடுப்பூசிச் சீட்டையும் எடுத்துப் போங்கள். மூன்று மாதத்துக்கு மேல் போடவேண்டிய வெறிநாய்க்கடி ஊசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவே இல்லை.